மழை வந்தால் கதவைச் சாத்தணும்

மூன்றாம் மாடி டிரைவரம்மா மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்தபோது, அவள் பிள்ளைகள் மூன்றையும் பார்த்துக்கொள்ள வந்தவர் ஒரு கிரேன் ஓட்டுநர்.

நான் அப்போது அதே கட்டிடத்தில், அவர்கள் வீட்டுக்கு நேர் கீழே இரண்டாம் மாடியில் தையல் மிஷின் போட்டிருந்தேன். மேலே ஒரு ஸ்பூன் விழுந்தால்கூட எனக்குக் கேட்கும். எந்தப் பிள்ளை எந்த அறையில் எதற்காக அழுகிறது என்பதெல்லாம் மிஷினை நிறுத்தாமலே சொல்லிவிடுவேன்.

டிரைவரம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறவள். கணவன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். போனால் எட்டு மாதம், வந்தால் ஒன்றரை மாதம். கடைக்குட்டிக்கு ஏழு மாதம் ஆனபோது டிப்போவிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். பிள்ளை பார்க்க வந்த முதல் பெண் இரண்டாம் நாள் மத்தியானமே, “என்னால ஆகாதும்மா, மூணும் மூணு திசையில இழுக்குது” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அடுத்து வந்தவள் நல்லவள்தான், ஆனால் எப்போதும் காதில் போன். அவளை டிரைவரம்மாவே நிறுத்திவிட்டாள். அதன் பிறகுதான் கணவனின் அண்ணன் வந்தார்.

இருபத்தெட்டு வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு மாதம் கிரேன் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாழ்நாளில் பாதியை உயரத்தில், ஒற்றை ஆள் உட்காரும் கண்ணாடி அறைக்குள் கழித்தவர். வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்கத்தான் வேண்டும். எங்கள் மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்து வைத்து ஏறுவார். பிள்ளைகள் பெரியப்பா என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு ஒரு வாரத்தில் கட்டிடத்தில் எல்லோருக்குமே அவர் பெரியப்பா ஆகிவிட்டார்.

டிரைவரம்மா எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள். பாப்பாவுக்கு எத்தனை மணிக்குப் பால், எவ்வளவு சூடு, குடித்ததும் எவ்வளவு நேரம் தோளில் போட்டுத் தட்ட வேண்டும், பாட்டில்களை எத்தனை நிமிடம் கொதிக்கவைக்க வேண்டும். நடுப்பிள்ளை சுண்டுவுக்கு மூன்று வயது. அவனுக்கென்று எழுதியது பாதித் தாள். ஆப்பிளைத் தோல் சீவித் தரவேண்டும், ஆனால் அவன் கண் முன்னால் சீவ வேண்டும். ரொட்டியை மடிக்கக்கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒண்ணுக்கு வருதா என்று கேட்க வேண்டும், வரலை என்றுதான் சொல்வான், நம்பக்கூடாது. பெரியவளுக்கு ஒன்பது வயது. அவள் பெயருக்கு நேரே ஒரே வரிதான் இருந்தது: ‘அவளே பார்த்துப்பா.’

பெரியப்பா அந்தத் தாளை அச்சு அசலாகப் பின்பற்றினார். பால் சூட்டை மணிக்கட்டில் விட்டுப் பார்த்தபோது மரத்துப்போன தோலுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று கீழே இறங்கி வந்து என் கையை நீட்டச் சொன்னார். நான்கு நாள் இப்படி நடந்தது. ஐந்தாம் நாள், “உதட்டுல விட்டுப் பாத்தேன், தெரியுது” என்றார். அதற்கப்புறம் பால் பாட்டிலோடு இறங்கி வரவில்லை.

ஆனாலும் டிரைவரம்மாவுக்கு மனசு ஒட்டவில்லை. ஒவ்வொரு நடை முடிந்து பேருந்து கடைசி நிறுத்தத்தில் நிற்கும்போதும் போன் போடுவாள். ஒரு நாள் என்னிடமே கேட்டாள்.

“அக்கா, உண்மையைச் சொல்லுங்க. மாமா சமாளிக்கிறாரா?”

“சத்தம் ஒண்ணும் பெருசா வரல.”

“அதான் பயமா இருக்கு. அவரு பேசவே மாட்டாரு. சுண்டுகிட்ட பேசிக்கிட்டே இருக்கணும். பேச்சு நின்னா அவன் எதையாவது செய்ய ஆரம்பிச்சுடுவான்.”

“போகப் போகப் பேசுவாரு.”

“இந்த மாசம் பார்க்கறேன். சரிப்படலன்னா வேலையை விட்டுட வேண்டியதுதான்” என்றாள். சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வேலைக்காக அவள் எத்தனை பேர் கேலிச் சிரிப்பைத் தாண்டி வந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

மூன்றாவது வாரம் ஒரு வியாழக்கிழமை. காலையிலிருந்தே புழுக்கம். துணி வெட்டும் கத்தரி கையில் வழுக்கியது. மூன்று மணி வாக்கில் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. மேலே நடந்ததைப் பிறகு அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். சுண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்து பாத்திர மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். பெரியப்பா ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, பாப்பாவின் பால் பாட்டில்களைப் போட்டு அடுப்பைப் பற்றவைத்தார். அப்போதுதான் காற்று அடித்து முதல் சொட்டுகள் விழுந்தன. பின்பக்கப் பால்கனியில் பாப்பாவின் துணிகள் இருபது இருக்கும், அத்தனையும் காய்ந்திருந்தன. நனைந்தால் ராத்திரிக்கு மாற்றுத்துணி கிடையாது. சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு பால்கனிக்குப் போனார். கிளிப்புகளைக் கழற்றித் துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் கதவு சாத்தும் சத்தம். அடுத்து, ‘டக்’.

அது இரும்புக் கதவு. தாழ்ப்பாள் உள்பக்கம், சுண்டுவின் மார்பு உயரத்தில். முன்பெல்லாம் அது கீச்சென்று கத்திப் பாப்பாவை எழுப்பிவிடும் என்று முந்தைய வாரம்தான் பெரியப்பா எண்ணெய் விட்டுச் சரிசெய்திருந்தார்.

கதவை ஒட்டிச் சமையலறை ஜன்னல், கம்பி போட்டது. அதன் வழியாகப் பார்த்தார். சுண்டு திருப்தியாக நின்றுகொண்டிருந்தான்.

“சுண்டு, கதவைத் திற.”

“மழை வருது.”

“ஆமா. பெரியப்பா வெளிய இருக்கேன்ல?”

“மழை வந்தா கதவைச் சாத்தணும். அம்மா சொன்னாங்க.”

சொன்னது உண்மைதான். மழை வந்தால் சமையலறைக்குள் தண்ணீர் வரும், ஓடிப்போய்ச் சாத்து என்று அவள்தான் அவனுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தாள். அவன் தன் வேலையைச் செய்திருந்தான்.

பெரியப்பா ஜன்னல் கம்பிக்குள் கையைத் தோள்வரை விட்டுப் பார்த்தார். தாழ்ப்பாளுக்கு இன்னும் ஒரு சாண் பாக்கி. நல்ல காலால் கதவை உதைத்தார். அது அசையவில்லை, ஆபரேஷன் செய்த முழங்கால்தான் மடங்கியது. துணி போடும் கழியைக் கம்பி வழியாக விட்டு அடுப்புக் குமிழைத் தொட முயன்றார். பாத்திரம் ஆடியது. நேர் கீழே சுண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். கழியை வெளியே இழுத்துக்கொண்டார். தண்ணீரை வீசி நெருப்பை அணைக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. நெருப்பு அணையும், கேஸ் நிற்காது. அந்த யோசனையையும் விட்டார். போன் உள்ளே மேஜைமேல் இருந்தது.

சிலிண்டர் அடுப்பு மேடைக்கு அடியில். அதன் தலையில் இருக்கும் குமிழைத் திருகிவிட்டால் போதும், அடுப்பு அணைந்துவிடும். மூன்று வயதுக் கைக்கு எட்டும். ஆனால் வந்த முதல் நாளிலிருந்து தினமும் பத்துத் தடவை அவர் சொல்லிவந்தது அதைத் தொடாதே என்றுதான்.

“சுண்டு, கீழ அந்தச் சிவப்புச் சிலிண்டர் இருக்குல்ல?”

“தொடக்கூடாது.”

“இப்போ தொடலாம். பெரியப்பா சொல்றேன்.”

“மாட்டேன். அம்மா திட்டுவாங்க. நீங்களும் திட்டுவீங்க.”

“திட்ட மாட்டேன்டா.”

“நேத்து திட்டினீங்க.”

நேற்றுத் திட்டியிருந்தார்.

இத்தனை வருடம் கீழே நிற்கிறவன் சைகை காட்ட, மேலே உட்கார்ந்து அவர் சுமையை இறக்கிக்கொண்டிருந்தார். இப்போது சைகை காட்டுகிற இடத்தில் அவர். ஒரு சமயத்தில் ஒரு விஷயம்தான் சொல்ல வேண்டும், சொன்னதை மாற்றக்கூடாது, குரலை உயர்த்தக்கூடாது. அது மட்டும் அவருக்குத் தெரியும். அடுப்பிலிருந்து அவனை அகற்றுவதுதான் முதல் வேலை என்று முடிவு செய்தார்.

“சுண்டு, அந்தப் பெரிய மூடியை எடுத்துட்டு ஜன்னல்கிட்ட வா.”

வந்தான்.

“இது எந்தப் பாத்திரத்து மூடி?”

“பால் பாத்திரம்.”

“சரி. அடுத்த மூடி கொண்டு வா.”

இப்படியே ஒன்பது மூடி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை கேட்டார். அந்த இருபது நிமிடத்தில் பேசிய அளவு தன் ஆயுளில் பேசியதில்லை என்று பிறகு சொன்னார். மழை முதுகில் சாட்டையாக அடித்தது. காய்ந்த துணியெல்லாம் தோளிலேயே நனைந்து ஒரு மூட்டை கனம் கனத்தது. இடையிடையே கீழே என்னைக் கூப்பிட்டிருக்கிறார். மழைச் சத்தத்திலும் மிஷின் சத்தத்திலும் எனக்குக் கேட்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

மூன்று முப்பத்தைந்துக்குப் பெரியவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். வாசல் கதவு சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். ஒரு சாவி அம்மாவின் பையில், இன்னொன்று உள்ளே ஆணியில். உள்பக்கத் திருகும் சுண்டுவுக்கு எட்டாத உயரம். மணியை அடித்தாள். பாப்பா விழித்துக்கொண்டாள். அந்த அழுகைதான் எனக்குக் கேட்டது. பசி அழுகை. தூக்கிக்கொண்டால் கொஞ்சம் இறங்க வேண்டும், இறங்கவில்லை. மிஷினிலிருந்து காலை எடுத்தேன். அதற்குள் பெரியவள் நனைந்த பையோடு என் வாசலில் நின்றாள்.

“தையலக்கா, யாரும் கதவைத் திறக்கல. சுண்டு மட்டும் பேசறான்.”

ஓடினோம். நான் கதவில் வாயை வைத்துக் கேட்டேன்.

“சுண்டு, பெரியப்பா எங்கடா?”

“வெளிய.”

“வெளியன்னா? கடைக்கா?”

“இல்ல. மழையில குளிக்கறாரு.”

எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. மனிதர் மயங்கி விழுந்துவிட்டாரோ என்றுதான் படியேறும்போதே நினைத்திருந்தேன்.

“அக்கா, பின்பக்கக் கதவைச் சாத்திட்டான்” என்றாள் பெரியவள் உடனே. அவளுக்கு அவனைத் தெரியும். தரையில் குப்புறப் படுத்து, கதவுக்கு அடியில் இருந்த இடைவெளியில் விரல்களை விட்டாள். “சுண்டு, இங்க பாரு, என் விரல்.”

அந்தப் பக்கம் அவனும் படுத்துக்கொண்டது தெரிந்தது. சிரித்தான்.

“பெரியப்பாகிட்ட ஓடிப்போய், அக்கா வந்துட்டான்னு சொல்லு. அவரு என்ன சொல்றாருன்னு கேட்டுட்டு வா.”

தடதடவென்று போனான், வந்தான்.

“சிலிண்டரைத் திருகணுமாம். அடுப்பு எரியுதாம்.”

நான் கதவில் காதை வைத்தேன்.

“திருகினியா?”

“மாட்டேன். தொடக்கூடாது.”

பெரியவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு குரலைக் கனமாக்கிக்கொண்டு, “சுண்டு, நான் அம்மா பேசறேன். சிலிண்டரைத் தொடலாம்” என்றாள்.

கதவடியில் இருந்த அவள் விரலை அவன் பிடித்துத் திருப்பினான்.

“நீ அம்மா இல்ல. உன் விரல்ல இங்க் இருக்கு.”

நான் அம்மாவுக்கே போன் போட்டேன். அணைத்துவைத்திருந்தாள். ஓட்டும்போது எப்போதும் அப்படித்தான். தெருமுனைத் தச்சருக்குப் போட்டேன், உளி சுத்தியலோடு உடனே வரச்சொன்னேன். “இந்தா கிளம்பிட்டேன்” என்றார். அவர் இந்தா என்றால் ஒரு மணி நேரம்.

அந்தச் சமயத்தில்தான் சுண்டு உரக்க இன்னொன்று சொன்னான்.

“பாப்பா அழுவுது. பசிக்குது. நான் கடலை குடுக்கப் போறேன்.”

“வேணாம்!” என்று நான் கத்தினேன். பின்பக்கத்திலிருந்து பெரியப்பாவின் குரலும் “வேணாம்டா!” என்று அதே நேரத்தில் கேட்டது. மழையைத் தாண்டி அது முதல்முறையாகக் கேட்டது. ஏழு மாதக் குழந்தையின் தொண்டையில் ஒரு வேர்க்கடலை சிக்கினால் போதும். கத்தியது தப்பு. சுண்டு முரண்டு பிடிக்கத் தயாராவது அவன் மூச்சிலேயே தெரிந்தது.

பெரியவள் கத்தவில்லை. கன்னத்தைத் தரையில் பதித்துக்கொண்டு, “எனக்கும் பசிக்குது சுண்டு. ஸ்கூல்ல நான் சாப்பிடவே இல்ல” என்றாள் பாவமாக.

“அப்படியா?”

“ஆமா. கடலை எனக்குக் குடு. கதவுக்குக் கீழ தள்ளு.”

ஒரு கடலை உருண்டு வந்தது. அவள் எடுத்து வாயில் போட்டு, “நல்லா இருக்கு. இன்னொண்ணு” என்றாள். அடுத்தது வந்தது. பிறகு நிறுத்தாமல் வந்துகொண்டே இருந்தன. சில கதவுக்கு அடியில் மாட்டின, அவள் சுண்டுவிரலால் இழுத்தாள். அவள் கொஞ்சம் தின்றாள், மீதியை எனக்குத் தள்ளினாள், நான் என் முந்தானையில் கட்டினேன். ஒன்பது வயதுப் பிள்ளை டப்பா முழுவதையும் காலி செய்யப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரிய நாலைந்து கடலை ஆனது.

“தீந்துடுச்சு” என்றான் கடைசியில்.

“டப்பாவைத் தட்டிப் பாரு.”

தட்டும் சத்தம். “ஒண்ணும் இல்ல.”

பெரியவள் அப்போதுதான் மூச்சை விட்டாள்.

ஆனால் இப்போது வேறொரு வாசனை வந்தது. பிளாஸ்டிக் சூடேறும் வாசனை. பாத்திரத்தில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. பாப்பாவின் அழுகையில் இடையிடையே விக்கல் சேர்ந்திருந்தது. நான் என் தோளால் வாசல் கதவை இடித்தேன். என் உடம்புக்கு அது கொஞ்சமும் அசையவில்லை.

“அக்கா” என்றான் சுண்டு உள்ளிருந்து. குரல் மாறியிருந்தது.

“என்னடா?”

“ஒண்ணுக்கு வருது.”

“போயிட்டு வா.”

“நாடா அவிழ மாட்டேங்குது.”

அன்று காலை அவன் கால்சட்டை நழுவி நழுவி விழுகிறது என்று பெரியப்பா நாடாவை இறுக்கிக் கட்டியிருந்தார். அம்மா கட்டினால் ஒரு இழுப்பில் வந்துவிடும். இவர் கட்டியது சரக்கு கட்டுகிற முடிச்சு.

பெரியவள் சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். “சுண்டு, பெரியப்பாகிட்ட ஓடு. அவருதான் கட்டினாரு, அவருக்குத்தான் அவிழ்க்கத் தெரியும். ஓடு, ஓடு!”

ஓடினான். அதன் பிறகு எங்களுக்கு எதுவும் சரியாகக் கேட்கவில்லை. பின்னால் நடந்தது இதுதான்.

ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று கால்களைப் பின்னிக்கொண்டான். “பெரியப்பா, ஒண்ணுக்கு. அவிழ்த்து விடுங்க.”

“கை எட்டலடா. கதவு மூடியிருக்கு.”

“மழை வருதே.”

“மழை வருதுதான். உனக்கு ஒண்ணுக்கும் வருதே. எது அவசரம்?”

சுண்டு அடுப்பை, மழையை, தன் கால்சட்டையை மாறி மாறிப் பார்த்தான் என்று பெரியப்பா சொன்னார். “இதுதான் அவசரம்” என்றான்.

“சரி. கதவுகிட்ட போ. தாழ்ப்பாள்ல ஒரு குமிழ் இருக்கு. புடிச்சிட்டியா?”

“ம்.”

“மேல தூக்கு.”

“தூக்கிட்டேன்.”

“விடாதே. அப்படியே உன் பக்கம் இழு.”

“வரல.”

பெரியப்பா வெளியிலிருந்து கதவைத் தன் பக்கம் சற்று இழுத்துப் பிடித்தார். “இப்போ இழு.”

எண்ணெய் விட்ட தாழ்ப்பாள். ஒரு பிள்ளையின் கைக்கு அது எப்படி உள்ளே போனதோ அப்படியே வெளியே வந்தது.

உள்ளே வந்தவர் முதலில் அடுப்பை அணைத்தார். பிறகு சுண்டுவை ஒரு கையால் அடுப்பங்கரையை விட்டுத் தள்ளி நிறுத்தினார். முடிச்சை அவிழ்க்கக் குனிந்தபோது காரியம் முந்திக்கொண்டுவிட்டது. “பரவாயில்ல, பரவாயில்ல” என்று சொல்லிக்கொண்டே நாடாவைக் கத்தியால் அறுத்தார். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து எங்களுக்குக் கதவைத் திறந்தார்.

அவர் நின்ற கோலம் இன்னும் கண்ணில் இருக்கிறது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. நனைந்த துணிகள் இன்னும் தோளில் கிடக்கின்றன. அவற்றை எங்கே வைப்பது என்றுகூடத் தோன்றவில்லை போலிருக்கிறது. பாப்பாவைத் தன் ஈரத்தில் படாமல் இரண்டு கையாலும் முன்னால் நீட்டிப் பிடித்திருக்கிறார். பக்கத்தில் சுண்டு சட்டை மட்டும் போட்டுக்கொண்டு நிற்கிறான். “நான்தான் திறந்தேன்” என்றான்.

“பாலு... பாட்டில் உருகிடுச்சு” என்றார் பெரியப்பா. குளிரில் அவர் பல் கிடுகிடுத்தது.

நான் பாப்பாவை வாங்கிக்கொண்டேன். அலமாரியில் ஒரு பாட்டில் கொதிக்கவைத்துத் தனியாக மூடிவைத்திருந்தது. பெரியவள் பாலை அளந்து கலக்கினாள். பாப்பா குடிக்க ஆரம்பித்த பிறகு வீட்டில் ஒரு சத்தம் இல்லை. அந்த உறிஞ்சும் ஓசையை நாங்கள் மூன்று பெரியவர்களும்... பெரியவளையும் சேர்த்துத்தான் அப்படிச் சொல்லத் தோன்றுகிறது... நின்றுகொண்டே கேட்டோம்.

அதற்கப்புறம்தான் பெரியவள் தன் பையைத் திறந்தாள். வரைந்து கொண்டுவந்திருந்த ஒரு படம் மழையில் ஊறிச் சாயம் இறங்கியிருந்தது. என்ன படம் என்றே தெரியவில்லை. அதைத் தரையில் விரித்துவைத்துக் கொஞ்சநேரம் பார்த்தாள். திடீரென்று விசும்பி விசும்பி அழுதாள். அத்தனை நேரமும் அழாதவள்.

பெரியப்பா பக்கத்தில் வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். “என்ன வரைஞ்சிருந்தே?” என்றார். அவள் அழுகைக்கு நடுவே சொன்னாள். ஒரு ஏரி, அதில் படகு, படகில் ஒரு நாய். நாய் எந்தப் பக்கம் பார்த்தது, என்ன நிறம், படகில் துடுப்பு உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அழுகை அடங்கியது.

தச்சர் நாலே முக்காலுக்கு வந்தார். “எந்தக் கதவை உடைக்கணும்?” என்றார் உற்சாகமாக.

“உடைக்க வேணாம். இந்தத் தாழ்ப்பாளைக் கழட்டி என் தலை உயரத்துக்கு ஏத்துங்க” என்றார் பெரியப்பா.

ஆறு மணிக்கு டிரைவரம்மா வந்தாள். சீருடை முழங்கால்வரை நனைந்திருந்தது. செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சுண்டு ஓடிப்போய்ச் சொல்லிவிட்டான்: “அம்மா, பெரியப்பாவை வெளிய வச்சுப் பூட்டிட்டேன். கடலை எல்லாம் தீந்துபோச்சு.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். எனக்கென்னவோ அவர் கொஞ்சம் மழுப்புவார் என்றிருந்தது. மழுப்பவில்லை. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வெளியே போனதிலிருந்து கடைசிவரை, எந்த நேரத்துக்கு என்ன என்று ஒரு வார்த்தை குறையாமல் சொன்னார். சிலிண்டரைத் தொடச் சொன்னதையும் சொன்னார். உருகிய பாட்டில்களைக் காட்டினார்.

“தப்பு என்னோடதும்மா. எரியற அடுப்பை விட்டுட்டுப் போயிருக்கக் கூடாது. நீ வேற நல்ல ஆளாப் பாத்துக்க. கிடைக்கற வரைக்கும் நான் வரேன்.”

அவள் பாட்டிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என் மடியில் இருந்த பாப்பாவின் காலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

“மூணு மணிக்கா மாமா?”

“மூணு பத்து இருக்கும்.”

“அப்போ நான் பாலத்து மேல இருந்தேன். ஒண்ணும் தெரியல, அவ்வளவு மழை. முன்னாடி ஒரு லாரி நின்னுபோச்சு. பின்னாடி வரிசையா வண்டி. இஞ்ச் இஞ்சா நகர்த்தி நகர்த்தி வெளிய வர ஒண்ணரை மணி நேரம்.” நிறுத்தினாள். “மாமா, அந்த ஒண்ணரை மணி நேரத்துல இவங்க நினைப்பு ஒரு தடவைகூட வரல. டிப்போவுல இறங்கினப்பதான், ஐயோ, எனக்குப் பிள்ளைங்க இருக்கேன்னு ஞாபகம் வந்துச்சு. வர்ற வழியெல்லாம் அழுதுக்கிட்டே வந்தேன். நான் என்ன அம்மான்னு.”

பெரியப்பா யோசித்தார். அவசரப்படாமல்தான் கேட்டார்.

“பஸ்ஸுல எத்தனை பேரு இருந்தாங்க?”

“எழுபது, எண்பது பேரு இருப்பாங்க.”

“எல்லாரும் பத்திரமா இறங்கிட்டாங்களா?”

“ம்.”

“அப்புறம் என்னம்மா. அந்த நேரத்துல நீ இங்க நினைச்சிருந்தாத்தான் தப்பு. இங்கதான் நாங்க இருந்தோம்ல.”

‘நாங்க’ என்று சொல்லும்போது அவர் பெரியவளைப் பார்த்தார்.

டிரைவரம்மா முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் எழப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். “மழையில குளிக்கறாருன்னு சொன்னானாமே” என்றாள் மூச்சு வாங்க. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பெரியப்பா சிரிப்பதை அன்றுதான் பார்த்தேன். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை.

“நாளைக்கு எனக்குக் காலை ஷிப்ட்” என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “அஞ்சே காலுக்கு வந்துடுவீங்களா மாமா?”

“அஞ்சுக்கே வரேன்” என்றார். சொல்லிவிட்டு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

அப்போது பெரியவள் உள்ளறையிலிருந்து வந்தாள். தலை துவட்டி, வேறு உடை மாற்றி, சுண்டுவுக்கும் தானே கால்சட்டை போட்டுவிட்டிருந்தாள். நேராக அம்மாவிடம் போய் அவள் மடியில் ஏறி உட்கார்ந்தாள். ஒன்பது வயது. மடியில் கொள்ளவில்லை, கால் இரண்டும் தரையில் இழுபட்டன. டிரைவரம்மா முதலில் ஆச்சரியமாகப் பார்த்தாள்.

“என்னடி, பசிக்குதா?”

“இல்ல.”

“தலை வலிக்குதா?”

“இல்ல.”

“பின்ன என்ன வேணும்?”

“ஒண்ணும் வேணாம். சும்மா.”

டிரைவரம்மா அவளை இரண்டு கையாலும் இழுத்து அணைத்துக்கொண்டாள். ஈரச் சீருடை என்று ஒருவரும் சொல்லவில்லை.

“சரி” என்றாள். “சும்மா இரு.”